எட்டு மணிக்கு மேல் மாத்ருபூதம்

உறையூர் பார்க்கில் ஒன்பது வருஷமாக ரேடியோ போட்டு, ரேடியோ அணைத்த மாத்ருபூதத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உறையூரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் அவரைப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. பிடித்தவன் எழுதினால் அது வாழ்த்துப் பத்திரமாகிவிடும், அதனால் நானே எழுதுகிறேன். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, குடியிருப்பு உறையூரில். ஊராருக்கு மனு எழுதி எழுதிப் பழகிய கை, கொஞ்சம் காரமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. மேலே காக்கிச் சட்டை, கீழே நாலு முழ வேட்டி. இடுப்புக் கயிற்றில் இரண்டு சாவி. ஒன்று பார்க் கேட்டுக்கு, இன்னொன்று ரேடியோக் கூண்டுக்கு. பார்க்கின் நடுவில் சிமெண்டில் கட்டிய கூண்டு அது. உள்ளே ரேடியோ, பக்கத்தில் ஒரு சுவர்க்கடிகாரம், உச்சியில் நாலு ஒலிபெருக்கிக் குழாய். குழாய் எந்த வார்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்று கவுன்சிலர்கள் இரண்டு வருஷம் சண்டை போட்டு, கடைசியில் நாலு திசைக்கும் நாலு வைத்த பிறகுதான் அடங்கினார்கள். அந்தக் கூண்டுக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று மாத்ருபூதத்தைப் போட்டார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போடுவார். எட்டு அடித்ததும் அணைப்பார். இதுதான் வேலை. ஆனால் இதை அவர் செய்த மாதிரி இந்த உலகத்தில் யாரும் எதையும் செய்ததில்லை. கடிகாரத்தின் முதல் அடிக்கே கை சுவிட்சுக்குப் போய்விடும். மிச்சம் ஏழு அடியையும் நாங்கள் நிசப்தத்தில் கேட்போம். மந்திரி பேசிக்கொண்டிருந்தாலும் சரி, மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி. ஒருமுறை ஒரு பெரிய வித்வான் மேல்ஸ்தாயியில் போய் நின்றார். இறங்கி வருவதற்குள் எட்டு அடித்துவிட்டது. எங்களைப் பொறுத்தவரை அந்த மனுஷர் இன்னமும் அங்கேயேதான் நிற்கிறார்.

அணைத்ததும் "எந்திரிங்க, எந்திரிங்க" என்று எல்லாரையும் கேட்டுக்கு வெளியே ஓட்டிவிட்டு, உள்பக்கமாகப் பூட்டிக்கொள்வார். அவர் வீடு பார்க்குக்குப் பின்னால் ஒரு சந்தில். பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாகப் போய்விடுவார். அதனால் எட்டு மணிக்கு மேல் மாத்ருபூதம் என்ன செய்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் அவருக்கும் என்ன பகை என்று கேட்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கால் வலிக்கிறதே என்று பார்க்கில் புல்மேல் உட்கார்ந்தேன்.

"குமாஸ்தா, எந்திரிங்க. புல்லு உக்காரதுக்கு இல்ல" என்றார்.

"பின்னே எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் காத்தமுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சட்டம் படித்தவர்களோடு பழகுகிற என்னை ஒரு ரேடியோ அணைக்கிற மனுஷன் மூக்கறுத்தால் சும்மா விட முடியுமா? காலம் வரட்டும் என்று இருந்தேன்.

காலம் ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் வந்தது. ரேடியோவில் ஒரு மர்ம நாடகம் ஆரம்பித்தார்கள். பதின்மூன்று வாரம், புதன்கிழமைதோறும் ஏழே முக்கால் முதல் எட்டேகால் வரை. கதை இதுதான். ஒரு அரிசி மில் முதலாளி, உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். கதவை உடைத்துக்கொண்டு போனால் அறையில் வேறு யாரும் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் மேனேஜர், டாக்டர், சமையல்காரன். கண்டுபிடிக்க ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார், அவருக்கு எப்போதும் இருமல். இவர்களைத் தவிர அந்த வீட்டில் ஒரு வேலைக்காரியும் உண்டு. முதல் வாரம் கதவை உடைத்த சத்தம் அடங்கியதும், அத்தனை கூச்சலுக்கும் நடுவில் "ஐயா, பெருக்கலாங்களா?" என்று கேட்டாளே, பார்க்கே சிரித்தது. அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை வந்து அதையே கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஊரே பைத்தியமாகிவிட்டது. சுருட்டு ஷெட்காரர்கள், தறிக்காரர்கள், பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் புதன்கிழமை ஏழு மணிக்கே இடம் பிடித்துவிடுவார்கள். ஏழே முக்காலுக்கு நாடகம் ஆரம்பிக்கும். எட்டு மணிக்கு, சரியாக அந்த டாக்டர் பையைத் திறக்கிற நேரத்தில், அல்லது இன்ஸ்பெக்டர் இருமி முடித்து வாயைத் திறக்கிற நேரத்தில், மாத்ருபூதத்தின் கை போகும். பாதி நாடகம் எங்களுக்கு, மீதி நாடகம் ரேடியோ வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கு. திட்டாத ஆள் இல்லை.

இரண்டாம் வாரம் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை சாயங்காலம், காத்தமுத்துதான் கேட்டான்.

"ஏங்க, எங்களையெல்லாம் வெளியே தள்ளிப் பூட்டிட்டு, நீங்க மட்டும் கூண்டுக்குள்ள மெதுவா வச்சுக் கேப்பீங்கள்ல? சும்மா சொல்லுங்க. டாக்டர் பையில என்ன இருந்துச்சு?"

மாத்ருபூதம் திகைத்துப் போய் நின்றார். ஒன்பது வருஷத்தில் அந்த மனுஷரிடம் யாரும் "டைம் என்ன?" என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "பையில ஒண்ணுமே இல்ல" என்றார். "வெறும் பை. அதைத் தூக்கிக்கிட்டு ஏன் வந்தான்? அதுதான் விஷயம்."

அப்புறம் கால் மணி நேரம் சொன்னார். குரல் என்னவோ போர்டில் எழுதியிருக்கிற விதிகளைப் படிக்கிற குரல்தான், ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனால் விஷயம் இருக்கிறதே, அடேயப்பா! டாக்டர் ஏன் சமையல்காரனைப் பார்த்தால் மட்டும் செருப்பைக் கழற்றுகிறார், மேனேஜர் ஏன் மோதிரத்தை வலது கைக்கு மாற்றினார் என்று ஒவ்வொன்றும் நெஞ்சில் தைத்தது. மண்டிக்குப் போக வேண்டிய காத்தமுத்து போகவில்லை. பஸ் பிடிக்க வேண்டியவன் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து புதன்கிழமை ரேடியோவுக்கு, வியாழக்கிழமை மாத்ருபூதத்துக்கு என்றாயிற்று. வியாழக்கிழமைக் கூட்டம்தான் பெரிசு. வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள். "அண்ணே" என்றார்கள். நடக்கிறபோது அவருடைய தோள் கொஞ்சம் நிமிர ஆரம்பித்தது. எனக்கு வயிறெரிந்தது.

ஆறாம் வாரத்து வியாழக்கிழமை, மேனேஜர் கொள்ளிடத்தில் விழுந்து செத்துப்போனான் என்றார். ஆற்றில் செருப்பு மட்டும் மிதந்து வந்ததை அவர் சொன்னபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் வக்கீல் வீட்டுக்குப் போனேன். வக்கீலின் மனைவி ரெங்கநாயகி மாமி புதன்கிழமையானால் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். பேச்சுவாக்கில், "பாவம் மாமி, மேனேஜர் செத்துட்டானே" என்றேன்.

"செத்தானா? ரெங்கா! யார் சொன்னா உமக்கு? பேஷா உக்காந்து இன்ஸ்பெக்டரோட காபி சாப்பிட்டுண்டிருந்தானே!"

"கொள்ளிடத்துல விழலையா?"

"எந்தக் கொள்ளிடம்? கதையில ஆறே கிடையாதே, குமாஸ்தா!"

அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை. ஆள் ரேடியோவைக் கேட்கவே இல்லை! புளுகுகிறார்! அடுத்த புதன்கிழமைக்காகக் காத்திருந்தேன். ஏழே முக்காலுக்கு நாடகம் தொடங்கியது. செத்துப்போன மேனேஜர், "வணக்கம் இன்ஸ்பெக்டர்" என்று கணீரென்று வந்து நின்றார். பார்க் முழுக்க "ஐயோ!" என்று ஒரு சத்தம். எல்லாரும் கூண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். மாத்ருபூதத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னண்ணே இது, செத்தவன் பேசுறான்?" என்றான் காத்தமுத்து.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் அவர். தீர்ந்தது கதை என்று நான் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் வந்தார். "அது மேனேஜர் இல்ல. அவன் தம்பி. கூடப் பொறந்தவன், அதே குரல். அண்ணனைக் கொன்னவன் யாருன்னு கண்டுபிடிக்க, அண்ணன் வேஷத்துல வந்திருக்கான். இது இன்ஸ்பெக்டருக்கே தெரியாது. நமக்குத்தான் தெரியும்."

கூட்டம் மூச்சை விட்டது. அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். ரேடியோவில் அந்த மேனேஜர் ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும், "பாவி, அண்ணன் மாதிரியே என்னமா நடிக்கிறான்!" என்று ஜனம் உருகியது. வெறுமனே "காபி ஆறிடுச்சு" என்று அவன் சொன்னாலும், செத்த அண்ணனை நினைத்துத்தான் சொல்கிறான் என்று கண்ணைத் துடைத்தார்கள். நான் நாலு பேரிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டார்கள். காவேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கதை, இந்தப் பக்கம் ஒரு கதை என்று ஓடிக்கொண்டிருந்தது.

பதினோராம் வாரம் முடிந்தது. அடுத்த வாரம் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும் என்று ரேடியோவிலேயே சொல்லிவிட்டார்கள். காத்தமுத்து என்னைத் தேடி வீட்டுக்கே வந்தான்.

"குமாஸ்தா, முனிசிபாலிட்டிக்கு ஒரு மனு எழுதுங்க. வர்ற புதன் ஒரு நாளைக்காவது எட்டேகால் வரைக்கும் ரேடியோ வைக்கணும். நம்ம அண்ணன் வாயால கேட்டதை, அண்ணனுக்குப் பக்கத்துல உக்காந்து நாம எல்லாரும் நேராவே கேக்கணும். அவருக்கும் ஒரு மரியாதையா இருக்கும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எழுதினேன். அதில் ஒரு வரி சேர்த்தேன்: 'மேற்படி ஆபரேட்டர் எட்டு மணிக்குப் பிறகும் வாரந்தோறும் தாம் மட்டும் தனியே நாடகத்தைக் கேட்டு, மறுநாள் பொதுமக்களுக்கு வாய்மொழியாகத் தெரிவித்து வருகிறார்.' காத்தமுத்து படித்துப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றான். அவனுக்கு விளங்கவில்லை. நான் விளங்கித்தான் எழுதினேன். எட்டு மணிக்கு மேல் கூண்டில் ரேடியோ ஓடினால் அது சர்க்கார் மின்சாரத்தைத் திருடியதாக ஆகும். மாத்ருபூதம் ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஊழியர். சாவியைப் பிடுங்க ஒரு துண்டுக் காகிதம் போதும்.

அந்தப் புதன்கிழமை வந்தது. கேட்டுக்கு வெளியேயும் கூட்டம். எட்டேகால் வரை அனுமதி கிடைத்துவிடும் என்ற பேச்சில், வேலை முடித்துச் சீக்கிரமே சமைத்து வைத்துவிட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களில் சுருட்டு ஷெட்டில் புகையிலை நரம்பு கிழிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் செம்பருத்திச் செடியோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாத்ருபூதத்தின் மனைவி அகிலாண்டம். பார்க்குக்குப் பின்னாலேயே குடியிருந்தும் அவள் ரேடியோ ஓடுகிற நேரத்தில் உள்ளே வந்தது அன்றுதான் முதல் தடவை. அந்த நேரத்தில்தானே அடுப்பு எரியும்?

ஏழேகாலுக்கு முனிசிபாலிட்டி ஓவர்சியர் பிச்சமுத்து வந்தார். கையில் இரண்டு காகிதம். ஒன்று, அன்று ஒரு நாள் எட்டேகால் வரை ரேடியோ வைக்க உத்தரவு. அதைப் படித்ததும் ஜனம் கைதட்டியது. இன்னொன்று என் மனு.

"என்னய்யா மாத்ருபூதம், இதுல கண்டிருக்கிறது நெசமா? எட்டு மணிக்கு மேல ரேடியோ கேட்டீரா இல்லையா?"

கைதட்டல் நின்றது. காத்தமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு அந்த வரி புரிந்தது.

"கேட்டேன்னா கேட்டேன்னு சொல்லும். சாவியை இப்பவே கொடுத்துட்டுப் போகலாம். கேக்கலைன்னா கேக்கலைன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லும். எனக்கு ரிப்போர்ட் எழுதணும்."

நான் வைத்த கண்ணி அதுதான். கேட்டேன் என்றால் சோறு போச்சு. கேட்கவில்லை என்றால், பத்து வாரமாக வாய் பிளந்து நின்ற ஊருக்கு முன்னால் அவர் ஒரு புளுகர். வெற்றிலையும் போச்சு, 'அண்ணே'வும் போச்சு. மாத்ருபூதம் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் அதுவும் புளுகுதான்.

"நாடகம் முடியட்டுங்க ஐயா. முடிஞ்சதும் சொல்லிடறேன்" என்றார்.

ஏழே முக்கால். நாடகம் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் எல்லாரையும் அந்த அறைக்குள் வரவழைத்து, கதவைச் சாத்தச் சொன்னார். மேனேஜரின் குரல் நடுங்கியது. டாக்டர் தண்ணீர் கேட்டார். "ஐயா, பெருக்கலாங்களா?" என்றாள் வேலைக்காரி. "போம்மா அந்தப் பக்கம்" என்றார் இன்ஸ்பெக்டர். ஒருவரும் சிரிக்கவில்லை. கைக்குழந்தைகள்கூடச் சத்தம் காட்டவில்லை. இன்ஸ்பெக்டர் இருமினார். ஒவ்வொருவராகக் குற்றம் சாட்டி, ஒவ்வொருவராக விடுவித்துக்கொண்டே வந்தார். ஓவர்சியர் ரிப்போர்ட்டை மறந்து கூண்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆகவே, இந்த அறையில் நிற்கிறவர்களில் முதலாளியைக் கொன்றவர்..."

கடிகாரம் எட்டு அடித்தது. மாத்ருபூதத்தின் கை போனது.

மிச்சம் ஏழு அடியையும் கேட்டோம். அப்புறம் பார்க்கே வெடித்தது. "போடுங்கய்யா!" "அட பாவி மனுஷா!" "கழுத்தறுத்துட்டாரே!" ஓவர்சியர் துள்ளி எழுந்து, "யோவ், எட்டேகால்னு ஆர்டர் குடுத்திருக்கேன்ல? என்னய்யா செஞ்சீர்?" என்று கத்தினார்.

மாத்ருபூதம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலீங்க ஐயா. கை தானாப் போயிடுச்சு."

அவசர அவசரமாக மறுபடி சுவிட்சைப் போட்டார். அந்தக் காலத்து ரேடியோ போட்டவுடன் பேசாது. வால்வு சூடாக ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று வந்துகொண்டிருந்தது. அந்த ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள்தான் அகிலாண்டம் எழுந்து நின்றாள்.

"ஓவர்சியர் ஐயா, ஒரு வார்த்தைங்க. அவரு எட்டு மணிக்கு மேல இங்க இருந்ததே கிடையாதுங்க. எட்டு அஞ்சுக்கு வீட்டுல இருப்பாரு. எட்டு பத்துக்குத் தட்டுல சோறு. நான்தான் போடறேன், எனக்குத் தெரியாதா? ரேடியோவாவது, கேக்கறதாவது. இப்பப் பாத்தீங்கள்ல? நீங்க ஆர்டர் குடுத்தும் கை நிக்க மாட்டேங்குது. இந்தக் கையா திருட்டுத்தனமா கேட்டிருக்கும்?"

"பின்னே அவர் சொன்ன கதையெல்லாம்?" என்றார் ஓவர்சியர்.

"என் கதைங்க."

ஓவர்சியர் கையிலிருந்த மனுவை மடித்துச் சட்டைப்பையில் செருகினார்.

"சாப்பிடறப்போ, இன்னைக்கு நாடகத்துல என்ன ஆச்சுன்னு கேப்பேன். சந்துக்குள்ள குழாய்ச் சத்தம் வெறும் இரைச்சலாத்தான் வரும், எட்டு மணி வரைக்கும் நடந்ததை அவருதான் சொல்லுவாரு. அப்புறம்னு கேட்டா, அப்புறம் மூடிட்டேன்பாரு. தொண்டையில சிக்கின மாதிரி இருக்கும் எனக்கு. ஷெட்டுல நாள் பூராக் குனிஞ்சு நரம்பு கிழிக்கிறப்போ, அது இப்படி இருக்குமோ, அப்படி இருக்குமோன்னு நானே ஓட்டிக்கிட்டே இருப்பேன். மறுநாளே அவரு பார்க்குக்குக் கிளம்பறதுக்குள்ள அவருகிட்டச் சொல்லிடுவேன். ஊருக்கு வந்து தான் கேட்டதா சொல்லிக்கிட்டிருக்காருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஷெட்டுல இந்தச் சந்திரம்மாதான் சொன்னா, 'உன் வீட்டுக்காரரு என்னமா கதை கேட்டுக்கிட்டு வந்து சொல்றாராம், உனக்குச் சொல்ல மாட்டாரா?'ன்னு. என் கதை சுத்திக்கிட்டு எனக்கே வந்துச்சு. வயிறெரிஞ்சுச்சுங்க. நல்லா எரிஞ்சுச்சு. ஆனா தோளை நிமித்திக்கிட்டு வீட்டுக்கு வர்றாரே, சரி போகட்டும்னு இருந்துட்டேன்."

ஓவர்சியர் மாத்ருபூதத்தைப் பார்த்தார். "நெசமாய்யா?"

அவர் நினைத்திருந்தால் தலையை மட்டும் ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. கூண்டுப் படியிலிருந்து இறங்கி, எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். "நெசம்தாங்க. நான் ஒரு நாளும் கேக்கலை. எனக்கு அந்தத் தெம்பும் கிடையாது. ஒரு வார்த்தைகூட என்னோடது இல்ல. எல்லாம் அவ சொன்னது. என்னை எல்லாரும் மன்னிச்சிடுங்க."

பேர் போயிற்று. நான் ஜெயித்துவிட்டேன். ஜனம் இப்போது அவரைக் கிழித்துத் தொங்கவிடும் என்று காத்திருந்தேன். காத்தமுத்து எழுந்தான். மாத்ருபூதத்தைத் தாண்டி, நேரே அகிலாண்டத்தின் முன்னால் போய் நின்றான்.

"அப்ப மேனேஜரைக் கொள்ளிடத்துல தள்ளினது நீங்களாம்மா?"

"ஆமாங்க. அவன் பேசுற தோரணையே எனக்குப் பிடிக்கலை."

"அந்தத் தம்பி?"

"செத்தவன் பேசுறான்டி, நான் என்ன பண்ணுவேன்னு இவரு வந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாரு. மாவரைச்சுக்கிட்டே ஒரு தம்பியைக் கொண்டாந்தேன்."

சிரிப்பு எழுந்தது. அதற்குள் ரேடியோ சூடாகிவிட்டது. நான் ஒருவன்தான் கூண்டில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "டாக்டர்! நீங்கள்தான் கொலைகாரர்!" என்றார் இன்ஸ்பெக்டர், அத்தனை நேரமும் இருமி முடித்துவிட்டு. எனக்குத் தாங்கவில்லை. "டாக்டர்தானாம்! டாக்டர்!" என்று கத்தினேன்.

"சும்மா இருங்க குமாஸ்தா" என்றான் காத்தமுத்து. "அம்மா பேசிக்கிட்டு இருக்காங்க."

மறுநாள் முனிசிபாலிட்டியிலிருந்து மாத்ருபூதத்துக்கு இரண்டு காகிதம் வந்தது. எட்டு மணிக்கு மேல் ரேடியோ கேட்டதாகச் சொல்லப்பட்ட புகாருக்கு ஆதாரமில்லை என்பது ஒன்று. எட்டேகால் வரை வைக்கும்படி எழுத்துமூலம் உத்தரவிட்டும் எட்டு மணிக்கே அணைத்தது ஏன் என்று விளக்கம் கேட்பது இரண்டாவது. அந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டு அவர் நேரே என் வீட்டுக்கு வந்தார். வேறு யாரிடமாவது போயிருக்கக் கூடாதா?

"இதுக்குப் பதில் எழுதணும். நீங்க நல்லா எழுதுறீங்க" என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உட்கார வைத்து, காபி கொடுத்து, ஒன்பது வருஷம் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்த கை, உத்தரவைவிட வழக்கத்துக்கே கட்டுப்பட்டுவிட்டது என்றும், இது விசுவாசமே தவிர அலட்சியம் அல்ல என்றும் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல மனு அது ஒன்றுதான். விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ரெங்கநாயகி மாமி என்னைப் பார்த்ததும் அலுத்துக்கொண்டார். "டாக்டராம்! மொதல் வாரமே தெரிஞ்சுதே. ஜன்னல் கம்பியைக் கழட்டிண்டு வெளியே போனானாம். சப்புன்னு போயிடுத்து. அது கெடக்கட்டும், உங்க உறையூர்ல யாரு கொலைகாரன்?"

"புதன்கிழமைதான் தெரியும் மாமி. கதை சொல்ற அந்தம்மா அன்னிக்குத்தான் சொல்றேன்னிருக்காங்க."

"தெரிஞ்சா மறக்காம வந்து சொல்லும்."

பதின்மூன்றாம் வாரத்துக்கு நேரத்தை நீட்டிக் கேட்டு யாரும் மனு எழுதச் சொல்லவில்லை. காத்தமுத்து அன்று மண்டியைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்து, "அண்ணே, எட்டுக்குச் சரியா அணைச்சிடுவீங்கள்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான். இப்போதும் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டான். எட்டு அடித்தது, கை போனது, எல்லாரும் மறுபேச்சில்லாமல் எழுந்து வெளியே வந்தோம். கேட்டுக்கு வெளியே தபால் பெட்டிப் பக்கம் கொஞ்சம் வெறுந்தரை உண்டு. அது நெடுஞ்சாலை இலாகாவின் இடம். முனிசிபாலிட்டி விதி எதுவும் அங்கே செல்லாது என்று நான்தான் முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருந்தேன். அகிலாண்டமும் ஷெட் பெண்களும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

மாத்ருபூதம் அன்று வெளிப்பக்கமாகப் பூட்டினார். பின்கதவு வழியாகப் போகவில்லை. கூட்டத்தின் ஓரமாக வந்து, என் பக்கத்தில் நின்று, "குமாஸ்தா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார். தள்ளி உட்கார்ந்தேன்.

"உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்குமே, வீட்டுல சொல்லியிருப்பாங்களே?" என்றேன் மெதுவாக.

"எங்க? எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன். நாலு பேரோட வந்து கேட்டுக்குங்கன்னு சொல்லிட்டா." சாவியை மடியில் வைத்துக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்தார்.

அகிலாண்டம் ஆரம்பித்தாள். குரல் பெரிசில்லை, ஆனால் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "மொதல் வாரம் கதவை உடைச்சாங்க, ஞாபகம் இருக்கா? உள்ளே தாழ்ப்பாள். உள்ளே போனா யாருமே இல்லைன்னாங்க. சரி, கதவை உடைச்சதும் அங்க மொதல்ல பேசினது யாரு?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "ஐயா, பெருக்கலாங்களான்னு..."

"அவ வெளியேருந்து வந்தான்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள் அகிலாண்டம். "கையில வெளக்குமாத்தோட உள்ளேயே நின்னுக்கிட்டிருந்தா. அத்தனை பேரும் அவளை இடிச்சுக்கிட்டுதான் உள்ளே போனாங்க. ஒருத்தர் கண்ணுலயும் படலை. அந்த இன்ஸ்பெக்டரு பன்னெண்டு வாரமா எல்லாரையும் கேள்வி கேட்டாரு. அவளை மட்டும் போம்மா அந்தப் பக்கம்னுட்டாரு."

பெண்கள் பக்கம் ஒருவரும் அசையவில்லை. காத்தமுத்து வாயில் போட்ட வெற்றிலையை மெல்வதற்கே மறந்துவிட்டான். என் பக்கத்தில் மாத்ருபூதம் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் மெதுவாக முழங்காலில் எழுந்து நின்று, அத்தனை கூட்டத்துக்கு மேலாகத் தன் மனைவியைப் பார்த்தார்.

"அவ அங்கேயேதான் இருந்தாளா, அகிலாண்டம்?"

"மொதல்லேருந்தே" என்றாள் அவள்.